மூலைக்குப் போன ரப்பர் செடி

"இதுக்கு வெயிலே வேணாம் சார், உள்ளேயே வெச்சுக்கலாம்." ரப்பர் செடி வாங்குகிறவர்களிடம் நர்சரிக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது இது. அதை நம்பித்தான் சென்னை அடுக்குமாடி வீடுகளில் அந்தச் செடி ஹால் மூலைக்கு, சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே போய்ச் சேர்கிறது. நர்சரிக்காரர் சொன்னதில் பாதி உண்மை.

ஃபைகஸ் எலாஸ்டிகா என்ற இந்தச் செடி ஆல், அரசு, அத்தியின் இனம். கன்னியாகுமரி மாவட்டத்தில் பால் எடுக்கிறார்களே, அந்த ரப்பர் மரம் வேறு. காட்டில் இது பெரும்பாலும் இன்னொரு மரத்தின் கிளையில் முளைக்கும். அதனால் இளம்பருவத்தில் நிழலைத் தாங்கும். தடித்த இலை இருப்பதால் ஒரு வாரம் தண்ணீர் மறந்தாலும் வாடாது. வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு இதைவிடத் தோதான செடிகள் குறைவு.

ஆனால் நிழலைத் தாங்குகிற செடி நிழலில் செழிப்பதில்லை. மேகாலயாவில் காசி மக்கள் வேர்களைப் பின்னிப் பாலமாக்கும் மரமும் இதுதான். அத்தனை பெரிதாக வளர்கிற மரத்துக்கு வெளிச்சம்தான் உணவு. வெளியே நண்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு). ஹால் மூலையில் பெரும்பாலும் சில நூறுதான். நம் கண் பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை.

செடிக்குத் தெரியும். சிவந்த உறையைப் பிரித்துக்கொண்டு வரும் புது இலை சிறுத்துப் போகிறது, கணுக்களின் இடைவெளி நீள்கிறது, அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. உடனே வீட்டார் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுகிறார்கள். வெளிச்சம் குறைந்த செடி தண்ணீரையும் குறைவாகவே உறிஞ்சும். மண் காயாமல் வேர் அழுகுவது அதனால்தான். மூலையில் சாகும் ரப்பர் செடிகள் பலவும் தண்ணீர் மிகுந்து சாகின்றன.

சரி, எந்த ஜன்னல்? தெற்கு ஜன்னலே சிறந்தது என்று மேலைநாட்டுத் தோட்டக் குறிப்புகள் சொல்வதுண்டு. அது ஐரோப்பாவுக்குச் சரி. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுக்கத் தெற்கே நிற்கும். சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அது வடக்கே சாய்ந்துவிடும். இங்கே கிழக்கு ஜன்னல்தான் முதல் தேர்வு: இளவெயில் கிடைக்கும், பிற்பகல் சூடு படாது. மேற்கு ஜன்னலில் வைத்தால் மே மாதப் பிற்பகல் வெயில் இலையைப் பொசுக்கிவிடும். வெள்ளை படர்ந்த டினெக்கி போன்ற ரகங்களில் பச்சையம் குறைவு. அவை ஜன்னலை விட்டு விலகவே கூடாது. ஏசி காற்று நேராகப் படும் இடமும் ஆகாது.

மூலைதான் வேண்டும் என்பவர்கள் ஸ்நேக் பிளாண்ட் வாங்கலாம். ரப்பர் செடிதான் பிடித்திருக்கிறது என்றால், நர்சரிக்குக் கிளம்பும் முன் கிழக்கு ஜன்னலருகே மூன்றடி இடத்தை ஒழித்து வையுங்கள்.