ஓரம் பழசு, நடுவு புதுசு

துணியின் குறுக்கே மீகொங் ஆறு நீலமாக ஓடுகிறது. ஒரு கரையில் துப்பாக்கியோடு சிப்பாய்கள். தண்ணீரில் மூங்கில் கட்டைப் பற்றியபடி ஆட்கள். முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்ட ஒருத்தி. எல்லாம் ஊசியும் நூலும் செய்த வேலை. சுற்றிலும் சின்னச் சின்ன முக்கோணங்கள் வைத்துத் தைத்த ஓரம்.

அமெரிக்க உளவுத்துறை லாவோஸில் நடத்திய ரகசியப் போரில் ஹ்மொங் மலைமக்கள் பலர் அதன் பக்கம் நின்றார்கள். 1975இல் ஆட்சி மாறியதும் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்கு ஓடினார்கள். இந்தக் 'கதைத் துணி' வளர்ந்தது அங்கே, பான் வினாய் போன்ற அகதி முகாம்களில். இதைத் தொன்மையான கைவேலை என்று சொல்வது பாதிதான் சரி. ஹ்மொங் பெண்களின் பழைய பூத்துணியில் நத்தைச் சுருள், யானைக்கால் மாதிரியான வடிவங்கள்தான். ஆளும் கதையும் பின்னால் வந்தவை. முகாமில் வேறு பிழைப்பில்லை, தைத்தால் விற்கும். ஆண்கள் பென்சிலால் வரைந்து கொடுத்ததும் உண்டு. வாங்குகிற அமெரிக்கர்களுக்காகப் பளிச்சென்ற நிறங்கள் அடங்கின, ஆங்கில வாசகங்கள் ஏறின. ஓரம் ஊரிலிருந்து வந்தது; நடுவு முகாமில் பிறந்தது.

விற்பனைக்குச் செய்தது கலையாகுமா என்று இன்னும் கேட்கிறார்கள். காஞ்சிப்பட்டை விற்காமல் பெட்டியில் வைக்கவா நெய்தார்கள்?

ஹ்மொங் பெண்கள் எடுத்துக்கொண்டது துணி என்றால், 2006இல் பிலிப்பைன்ஸிலிருந்து பிரிஸ்பேனில் குடியேறிய கலைஞர்கள் அல்ஃபிரெடோ, இசபெல் அக்விலிசான் தம்பதி எடுத்துக்கொண்டது அட்டை. வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பினோக்கள் சாமான் நிரப்பி வீட்டுக்கு அனுப்புவது 'பாலிக்பாயன்' என்ற அட்டைப் பெட்டியில். அதுவும் ஊரில் பிறந்த பொருளல்ல, பிரிவில் பிறந்தது. காட்சிக்கு வருகிறவர்களிடமே அட்டையைக் கொடுத்து வீடு செய்யச் சொல்கிறார்கள். வீடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓர் ஊராகின்றன. பார்க்க அழகு. ஆனால் எந்த வீடு யாருடையது என்பது அந்தக் குவியலில் கரைந்துபோகிறது. எனக்கு அது குறைதான்.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனிடம் அந்தக் குறை இல்லை. தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. அந்தப் பெயரையே தன் நூலுக்கு எடுத்துக்கொண்டு, இலங்கைப் போரில் இடம்பெயர்ந்த 80 பேரிடம் அவரவர் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அளவுகோல் அறியாத கை போட்ட படம் ஒன்று. அதையே கட்டட வரைபடமாக்கியது ஒன்று. அவருடைய ஓவியம் ஒன்று. 2011இல் வந்த அந்த நூல் அலுவலகக் கோப்பு மாதிரியே இருக்கும். காணி உறுதி தொலைத்தவர்களும் பதிவாகிற கோப்பு. மூன்றில் முதல் படத்தைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன்.

உங்கள் வீட்டில் ஊரை விட்டு வந்த பெரியவர் இருந்தால் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துப் பாருங்கள். கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று மட்டும் கேளுங்கள்.