உப்பு தேடிப் போன கேமரா

மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்வருகிறவர்களுக்கு உப்பு ஓர் அதிசயமே இல்லை. பாத்தியில் விளைந்து, சாலையோரம் அம்பாரமாகக் குவிந்து கிடக்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு ‘ஸ்வானெட்டியாவுக்கு உப்பு’ படத்தைப் பாருங்கள். மிகயீல் கலத்தோசவ் 1930-ல் எடுத்த சோவியத் மௌனப்படம். ஒரு மணி நேரம்கூட ஓடாது. காகசஸ் மலையின் ஸ்வானெட்டியாவில், 2,000 மீட்டருக்கு மேல் உஷ்குலி என்ற ஊர். ஆடு உண்டு, பார்லி உண்டு, எதிரியைத் தடுக்கக் கல் கோபுரங்கள் உண்டு, உப்பு இல்லை. மனிதன் சிறுநீர் கழித்த இடத்தை மாடு வந்து நக்குகிறது. அந்த ஒரு காட்சியில் உப்பின் விலை புரிந்துவிடும்.

சோவியத்தின் முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1928-ல் தொடங்கியது. அந்த வருடங்களில் எல்லைப்புறங்களுக்குப் போன படக்குழுக்கள் சொன்ன கதை பெரும்பாலும் ஒன்றுதான்: இங்கே இருள் இருந்தது, இதோ சாலை வருகிறது, ரயில் வருகிறது, புதுவாழ்வு வருகிறது. இந்தக் கதையை மட்டும் பார்த்தால் பிரச்சாரம் என்று சொல்லி எழுந்துவிடுவோம். கதையை மறந்துவிட்டுக் கேமரா எங்கெல்லாம் லயித்து நின்றுவிடுகிறது என்று பார்ப்பதுதான் ரசனை.

அதற்கு ஒரு வழி உண்டு. இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் பெரும்பாலும் பிற்காலத்து இசை சேர்ந்திருக்கும். முதல் தடவை சத்தத்தை அணைத்துவிடுங்கள். நடுநடுவே வரும் எழுத்து அட்டைகளைத் தலைநகரத்தின் குரலாகவும், முகங்களையும் கைகளையும் அந்த ஊரின் குரலாகவும் பிரித்து வாசியுங்கள். ஸ்வானெட்டியா படத்தில் இரண்டும் ஒத்துப்போவதே இல்லை. அட்டைகள் பின்தங்கிய வாழ்க்கை என்கின்றன. கேமராவோ ஆட்டு ரோமம் கத்தரிப்பதையும், நூல் திரிப்பதையும், தறியில் நெய்வதையும் விட்டு நகர மனமில்லாமல் நிற்கிறது. கோபுரத்தைக் கீழிருந்து சாய்த்து, அது வானத்தில் விழுவதுபோல் காட்டுகிறது. வெறுக்க அனுப்பப்பட்ட இடத்தைக் காதலித்துவிட்ட கேமரா இது. இறுதிச் சடங்குக் காட்சியில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அங்கே படத்துக்காக நடிக்கவைத்ததும் கலந்திருக்கிறது. முடிவில் சாலை போட ஆட்கள் வருவது என் கணக்கில் படத்தின் பலவீனமான பகுதி. அதுவரை மூச்சுவிட்ட ஊர் அங்கே காணாமல் போகிறது.

தூரத்துத் தலைநகர் நம் தலையெழுத்தை எழுதுவது புதுச்சேரிக்குப் புதிதில்லை. 1815-ல் லண்டனில் பிரான்சும் பிரிட்டனும் செய்த உடன்படிக்கைப்படி, பிரெஞ்சிந்தியாவின் உப்பை வாங்கும் உரிமை ஆங்கிலேயருக்குப் போனது. ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். 1818-ல் உப்பு உற்பத்தியையே நிறுத்த பிரெஞ்சுக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். கடலோரத்திலேயே குடியிருந்தவர்கள் உப்புக்கு அடுத்தவர் கையைப் பார்க்க வேண்டியதாயிற்று. 1931-ல் பாரிஸில் நடந்த காலனியக் கண்காட்சியில் பிரெஞ்சிந்தியாவுக்கும் ஒரு மண்டபம் இருந்தது. கலத்தோசவின் படம் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. காட்சிப்பொருளாக வைக்கப்பட்ட ஊரின் பிள்ளைகள் நாம். உஷ்குலிக்காரர்கள் கேமராவைப் பார்க்கும் பார்வை நமக்குச் சட்டென்று பிடிபட வேண்டும்.

அடுத்து விக்தர் தூரினின் ‘துர்க்சிப்’ (1929). சைபீரியாவிலிருந்து ரயிலில் தானியம் வந்தால், துர்கிஸ்தானின் நிலமெல்லாம் பருத்திக்கு விடலாம். அதற்கான பாதையைப் பற்றிய படம். மலையில் பனி உருகிச் சொட்டாகி, ஓடையாகி, காத்துக் கிடக்கும் வயலுக்கு வந்து சேரும் பகுதி படத்தொகுப்புக்கே ஒரு பாடம். குதிரையிலும் ஒட்டகத்திலும் ஏறி மேய்ப்பர்கள் ரயில் எஞ்சினோடு போட்டி போடும் காட்சியில் உற்சாகம் தொற்றிக்கொள்ளும். ஆனால் அதன் பிறகு நடந்ததைத் தெரிந்துகொண்டு இன்னொரு முறை பாருங்கள். 1930 முதல் 1933 வரையிலான பஞ்சத்தில் கஜகஸ்தானில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியதில் 1960-களிலிருந்து ஆரல் கடல் வற்றியது. அந்த மேய்ப்பர்களின் சிரிப்பை இரண்டாவது தடவை பார்ப்பது எளிதல்ல.

புதோவ்கினின் ‘ஆசியாவின் மேல் புயல்’ (1928) கதைப்படம். மங்கோலியாவை ஆங்கிலேயர் பிடித்துவைத்திருப்பதாகச் சொல்வது கற்பனை. புரியாத் மடாலயமும் லாமாக்களின் நடனமும் நிஜம். ஒரு சிப்பாய் நாயகனைச் சுட்டுக்கொல்ல அழைத்துப்போகும்போது, வழியிலுள்ள சேற்றுக் குட்டையைச் சுற்றிக்கொண்டு நடப்பான். சுட்டுவிட்டுத் திரும்பும்போது அதே சேற்றில் கால் வைத்து நடப்பான். வசனமே வேண்டாம்.

நாயகன் வலேரி இன்கிஜினோவ் புரியாத் இனத்தவர். பிறகு பிரான்சில் குடியேறினார். இந்தியாவில் நடப்பதாக ஃபிரிட்ஸ் லாங் 1959-ல் எடுத்த ‘எஷ்னாப்பூர் புலி’யில் தலைமைப் பூசாரி அவர்தான். இரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் பாருங்கள். ஒரே முகத்தை மாஸ்கோ மங்கோலிய வேடனாக்குகிறது, ஜெர்மன் சினிமா நம்மூர்ப் பூசாரியாக்குகிறது.