ஆடுதுறை 27 பரவிய கணக்கை எப்படி ரசிப்பது?

ஊருக்குள் புதிதாக ஒன்று வந்தால், நெல்லோ செல்போனோ, அது எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்ல ஒரு சின்னக் கணக்கு உண்டு. மக்கள்தொகைக்காக பெல்ஜியத்தின் வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் போட்டது. தஞ்சாவூர்க்காரர்கள் அதை ரசிக்க ஆடுதுறை 27 நெல்லே போதும்.

ஊரில் 100 விவசாயிகள். 10 பேர் புது விதை போட்டிருக்கிறார்கள், 90 பேர் போடவில்லை. போட்டவர் ஒருவரும் போடாதவர் ஒருவரும் டீக்கடையில் பேசிக்கொள்ள எத்தனை ஜோடி? பெருக்கினால் 900. பாதிப் பேர் போட்டபின் 2,500. 90 பேர் போட்டபின் மறுபடியும் 900. பேச்சு வழியாகத்தான் விதை பரவுகிறது என்றால், வரைபடம் முதலில் படுத்துக் கிடக்கும், நடுவில் விறுவிறுவென ஏறும், கடைசியில் மறுபடி படுத்துவிடும். வெறும் பெருக்கலிலிருந்து இத்தனையும் வருகிறது. தாளும் பென்சிலும் எடுத்து நீங்களே வரைந்து பாருங்கள்.

அமெரிக்காவில் வீரிய மக்காச்சோளம் பரவியதை ஆராய்ந்த ஸ்வி கிரிலிகஸ், 1957-இல் இந்த வளைவிடம் மூன்று கேள்வி கேட்டார்: எப்போது தொடங்கியது, எவ்வளவு செங்குத்தாக ஏறியது, எங்கே நின்றது? நாமும் கேட்போம். ஜப்பானிய நெல் ஒன்றுக்கும் நம்மூர் ஜி.இ.பி. 24 நெல்லுக்கும் பிறந்த கலப்பிலிருந்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஆடுதுறை 27, 1960-களின் நடுவில் வயலுக்கு வந்தது. சுமார் 105 நாள் வயது, குறுவை என்ற குறுகிய பருவத்துக்குக் கச்சிதம். 1960-61-இலேயே தஞ்சாவூரில் விதை, உரம், கடனைச் சேர்த்துத் தரும் அரசின் பேக்கேஜ் திட்டம் தொடங்கி, உரமும் கடனும் கூட்டுறவுச் சங்கம் வரை வந்திருந்தன. அப்புறம் ஏறாமல் என்ன செய்யும்?

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். போடாதவரைப் பழமைவாதி என்பார்கள். அது தப்பு. நேரத்தோடு தண்ணீர் வராத கடைமடையில், அதாவது வாய்க்காலின் கடைசி வயல்களில், நீண்ட பருவச் சம்பா ஒரு போகம்தான். குறுவை நெல்லை அவர் எங்கே போடுவார்? அங்கே வளைவை நிறுத்தியது வாய்க்கால்.

இன்னொன்று, அந்த 100 பேரில் நாற்று நட்டவர்கள் கிடையாது. விளைச்சல் கூடிய அதே காலத்தில்தான் விவசாயக் கூலிகள் கூடுதல் கூலி கேட்டுப் போராடினார்கள். அந்தப் போராட்டத்தை ஒட்டி, அன்று தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்த கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25-ஆம் தேதி, 44 தலித்துகள் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இனி எந்தப் பரவல் வரைபடத்தைப் பார்த்தாலும், அதில் நூறு சதவீதம் என்பது யார் யாரை எண்ணியது என்று முதலில் கேளுங்கள்.