‘ஸ்கார்ஃபேஸ்’ (1932): தணிக்கை இடம்மாற்றிய குற்றம்

முன்னுரை

ஹாவர்ட் ஹியூஸ் தயாரிப்பில் ஹாவர்ட் ஹாக்ஸ் இயக்கி 1932-இல் வெளிவந்த ‘ஸ்கார்ஃபேஸ்’, அமெரிக்கக் குற்றக்கும்பல் திரைப்படங்களுக்கு வடிவம் தந்த தொடக்ககாலப் படங்களுள் ஒன்றாகும். மதுவிலக்குக் காலச் சிகாகோவில் டோனி கமோண்டே என்னும் அடியாள் கும்பல் தலைவனாக உயர்ந்து வீழ்வதே இதன் கதை. அல் கபோனின் சாயல் இப்பாத்திரத்தில் வெளிப்படை. வன்முறையை இப்படம் போற்றுகிறது என அஞ்சிய தணிக்கையாளர் பல மாற்றங்களைக் கோரினர். அம்மாற்றங்கள் படத்திற்கு அறம் சேர்த்தனவா, குற்றத்தின் பொறுப்பை வேறிடத்திற்கு மாற்றினவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

காட்சியில் உறையும் தீர்ப்பு

தணிக்கையாளரின் அச்சம் அடிப்படையற்றதன்று. பால் முனி ஏற்ற டோனி, இயந்திரத் துப்பாக்கியைப் புதிய விளையாட்டுப் பொருளைப் பெற்ற சிறுவனைப்போல் கொண்டாடுகிறான். அம்மகிழ்ச்சி பார்வையாளரையும் தொற்றக்கூடியது. எனினும் படம் தன் தீர்ப்பைக் காட்சியிலேயே எழுதிவிடுகிறது. கொலைக் காட்சிகளில் பெருக்கல் குறி மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. 1929-ஆம் ஆண்டுக் காதலர் தினப் படுகொலையை நினைவூட்டும் காட்சியில், கூரைச் சட்டங்கள் கொல்லப்படும் எழுவருக்கும் உரிய குறிகளாகின்றன. போரிஸ் கார்லாஃப் நடித்த காஃப்னி பௌலிங் கூடத்தில் சுடப்படும்போது, மதிப்பெண் தாளில் அக்குறி இடப்பட்டிருக்கிறது. தள்ளாடி விழும் கடைசிக் கட்டை அவனது மரணத்தை உணர்த்துகிறது. டோனியின் கன்னத் தழும்பும் இதே வடிவினது. கொல்வோனும் தொடக்கம் முதலே குறிக்கப்பட்டவன் என்பதே இதன் பொருளாகும்.

சேர்க்கப்பட்ட சொற்பொழிவு

படத்தின் முகப்பு வாசகம் அரசின் அலட்சியத்தைச் சாடி, குடிமக்கள் செய்யப்போவது யாது என வினவுகிறது. தணிக்கை நெருக்கடியால் பின்னர்ச் சேர்க்கப்பட்ட நாளிதழ் அலுவலகக் காட்சியோ, குற்றவாளிகளுள் பலர் குடிமக்களே அல்லர் என்று கூறி நாடுகடத்தலை வலியுறுத்துகிறது. பார்வையாளரை நோக்கி எழுந்த வினாவுக்குக் குடியேறியவரைச் சுட்டும் விடை அளிக்கப்படுகிறது. மது வாங்கியோரும் கையூட்டுப் பெற்றோரும் இவ்விடையில் மறைந்துவிடுகின்றனர்.

இரு முடிவுகள்

டோனி நீதிமன்றத் தீர்ப்பின்படி தூக்கிலிடப்படும் மாற்று முடிவும் படமாக்கப்பட்டது. முனி அப்போது கிடைக்காமையால் அதில் டோனியின் முகம் காட்டப்படவில்லை. நடைமுறைத் தடையால் நேர்ந்த இவ்வின்மை ஓர் உண்மையை வெளிப்படுத்துகிறது: நாம் அறிந்த மனிதன் அங்கில்லை, சட்டம் தண்டிக்க ஓர் உடல் மட்டுமே எஞ்சுகிறது.

மற்றொரு முடிவில் டோனி துணிவிழந்து கெஞ்சுகிறான். தப்பியோடுகையில் காவலர் குண்டுகளுக்கு இரையாகிறான். கேமரா மேலெழுந்து, உலகம் உன்னுடையது எனப் பொருள்படும் பயண நிறுவன விளம்பரத்தில் நிலைக்கிறது. முன்பு அவன் தன் சன்னல்வழிக் கண்டு மகிழ்ந்த அதே விளம்பரம் அது. ஆசைக்கு ஆட்பட்டவன் மாண்டபின்னும் ஆசையூட்டும் ஒளி அணையவில்லை.

முடிவுரை

தூக்குமேடை முடிவு குற்றத்தை ஒருவனோடு முடித்துவைக்கிறது. சேர்க்கப்பட்ட சொற்பொழிவு அதனை அயலார்மீது ஏற்றுகிறது. விளம்பர ஒளியில் முடியும் வடிவமோ, அவனை உருவாக்கிய நகரத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்க மறுக்கிறது. அறத்தைக் காக்கவந்த தணிக்கை, படத்தின் கடுமையான அறவினாவையே மழுங்கடிக்க முனைந்தது எனலாம். எனவே, தணிக்கைக்குட்பட்ட படங்களை ஆராய்வோர் நீக்கப்பட்டவற்றோடு சேர்க்கப்பட்டவற்றையும் கருத்தில் கொள்ளுதல் இன்றியமையாதது.