மிண்டி கேலிங்: தேவியின் கோபமும் அதன் எல்லையும்

தமிழ்த் தந்தைக்கும் வங்காளத் தாய்க்கும் அமெரிக்காவில் பிறந்தவர் மிண்டி கேலிங். ‘தி ஆபிஸ்’ தொடரின் எழுத்தாளர் குழுவில் வளர்ந்து, பதின்பருவக் கதைகளை உருவாக்கும் தயாரிப்பாளராக நிலைபெற்றவர். லாங் ஃபிஷருடன் சேர்ந்து அவர் படைத்த ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ 2020 முதல் 2023 வரை நெட்ஃபிளிக்ஸில் 4 சீசன்களாக வந்தது. நாயகி தேவி, கலிபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண். நடித்தவர் கனடாவின் ஈழத்தமிழ்க் குடும்பத்து மைத்ரேயி ராமகிருஷ்ணன். ஆனால் நம்மவர் என்ற மகிழ்ச்சி தொடரை மதிப்பிடும் எடைக்கல் ஆகிவிடக் கூடாது.

தொடரின் சாதனை தேவியின் கோபம். கண்ணெதிரே இறந்த அப்பாவுக்காக அவள் அழுவதில்லை. பொய் சொல்கிறாள், தோழிகளைப் புண்படுத்துகிறாள், பையன்களைத் துரத்துகிறாள். எல்லாம் அடக்கிய துக்கத்தின் வேலை என்று எங்கும் விளக்கிச் சொல்லாமலே தெரியவைப்பது தேர்ந்த எழுத்து. முதல் சீசன் முடிவில் மாலிபு கடற்கரையில் அஸ்தி கரைக்கும் காட்சியில் அம்மா நளினியும் மகளும் நெருங்குவதை, அதே சடங்கைக் கடலோரத்தில் பார்த்து வளர்ந்த திருவொற்றியூர்க்காரரும் குறைசொல்ல முடியாது. பதினைந்து வயதுப் பெண்ணின் ஆசையைத் தண்டிக்காமல் எழுதும் துணிவு, 2006-இல் ‘கனா காணும் காலங்கள்’ தொடர் பள்ளிக்கூடத்தைத் திரைக்குக் கொண்டுவந்த பிறகும் நம் சின்னத்திரைக்குக் கூடவில்லை.

பண்பாட்டைக் கையாள்வதில்தான் சறுக்கல். பிள்ளையார் பூஜை அத்தியாயத்தில் பள்ளிக்கூடத்தில் நடக்கும் கொண்டாட்டத்தின் நடனம் இந்திப் பாட்டுக்கு. தமிழ்க் குடும்பம் பொதுவான ‘இந்தியக்’ குடும்பமாகக் கரைந்துவிடுகிறது. தேவி விரும்பும் இரு பையன்களில் பாக்ஸ்டனா பென்னா என்ற ஊசலாட்டம் இரண்டாம் சீசனிலிருந்து கதையை நகர்த்தும் எந்திரமாகிறது. பாத்திரம் கற்றதை அடுத்த சீசன் மறக்கிறது.

வர்க்கப் பார்வை இன்னும் பலவீனம். ராயபுரத்தில் பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்குத் தேவியின் கோபம் புரியும். தோல் மருத்துவரின் மகள் பிரின்ஸ்டனுக்காகப் படும் பதற்றம் எட்டத்திலேயே நிற்கும். ‘தி செக்ஸ் லைவ்ஸ் ஆஃப் காலேஜ் கேர்ள்ஸ்’ தொடரில் உதவித்தொகை இழந்து கட்டணத்துக்கு அல்லாடும் கிம்பர்லி வழியே கேலிங் இந்த வர்க்க இடைவெளியைத் தொட்டார். ஆனால் வலி முற்றும்முன் நகைச்சுவை வந்து கதவை மூடிவிடுகிறது. அங்கீகாரத்துக்கு ஏங்கும் அதே பழுப்பு நிறப் பெண் அங்கே பேலா என்ற பெயரில் திரும்ப வருகிறாள், தேவிக்கு இருந்த துக்கம் இல்லாமல். கேலிங்கின் முழுமையான படைப்பு ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ முதல் சீசன் ஒன்றுதான் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.