அமிர்தகழியிலிருந்து ஒரு பரம்பரை

ஆப்பிரிக்கப் படங்களைக் கொண்டாடுவோர் தலைமுறைகளை வரிசையாகச் சொல்வார்கள். செனகலின் செம்பேன் 1966இல் 'லா நுவார் தெ' எடுத்தார். அதே நாட்டின் மம்பெத்தி 1973இல் 'தூக்கி பூக்கி' தந்தார். பிரான்சில் பிறந்து வளர்ந்த அவருடைய தம்பி மகள் மாத்தி தியோப், 2019இல் 'அட்லாண்டிக்ஸ்' படத்துக்காகக் கான் விழாவில் கிராண்ட் பிரீ பெற்றார். கடல் கடந்த தமிழருக்கும் இப்படியொரு கொடிவழி உண்டு என்று கும்மிடிப்பூண்டிச் சங்கத்தின் பெரியவர்கள் தொடக்கம் முதலே சொல்லிவருகிறார்கள். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்தவர்களும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து குடும்பத்தோடு வருபவர்களும் சேர்ந்து உட்கார்ந்து படம் பார்க்கும் சங்கம் இது. சங்க மலரின் குழு இந்தத் தலைப்பைக் கொடுத்ததில் வியப்பில்லை.

'தோட்டக்காரி', 'குத்துவிளக்கு', 'வாடைக்காற்று' ஆகிய இலங்கைத் தமிழ்ப் படங்கள் பற்றி உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவற்றைப் பற்றித் தம்பிஐயா தேவதாஸ் எழுதியதை அநேகமாக எல்லாரும் படித்திருப்பார்கள். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். 1977இல் வந்த 'பொன்மணி'யை இயக்கிய தர்மசேன பத்திராஜ சிங்களவர். யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவர். சீதனமும் சாதியும் ஒரு வீட்டை நெரிப்பதை அவர் குரல் உயர்த்தாமல் காட்டினார். அன்று அந்தப் படம் ஓடவில்லை. இன்று இலங்கைத் தமிழ்ப் படங்களில் முதல் வரிசையில் வைக்கத் தகுந்தது அதுவே.

ஆனால் சங்கத்துக்கு உரிய பள்ளி பாலு மகேந்திரா பள்ளிதான். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து, பள்ளிப் பருவத்தில் டேவிட் லீனின் படப்பிடிப்பைக் கண்டு, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்றவர் அவர். 1988இல் 'வீடு' வந்தது. மனை, சிமெண்ட், கடன், கண்ட்ராக்டர் என்று நடுத்தரக் குடும்பம் படும் பாட்டைத் தவிர அதில் வேறு கதை இல்லை. சொக்கலிங்க பாகவதர் கட்டி முடியாத சுவரைத் தடவிப் பார்ப்பதைக் காண ஒரு தலைமுறையே காத்திருந்தது போலிருக்கும். ஜன்னல் வெளிச்சமே போதும், முகமே போதும் என்ற துணிவு அவருடையது. உதவியாளர்களைச் சிறுகதை படித்துச் சுருக்கம் எழுத வைத்தார். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி எல்லாரும் அந்தக் கையில் பழகியவர்கள். 2013இல் 'தலைமுறைகள்' படத்தில் தாமே தாத்தாவாக நடித்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார்.

மற்ற கிளைகளும் தழைத்திருக்கின்றன. கனடாவில் லெனின் எம். சிவம் 'எ கன் அண்ட் எ ரிங்' எடுத்தார். பிரான்சில் பிரதீபன் ரவீந்திரன் இருக்கிறார். ஷோபாசக்தி நடித்த 'தீபன்' 2015இல் கானின் தங்கப் பனை பெற்றது. இயக்கியவர் பிரெஞ்சுக்காரர் என்றாலும் அகதி வாழ்வின் உண்மை நடிகரிடமிருந்து வந்தது. அதே ஆண்டு மலேசியாவில் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது.

இனி மனத்தாங்கலைச் சொல்லாமல் இருக்க முடியாது. யார் பெயரையும் குறிப்பிடுவது இங்கே நோக்கமல்ல. இளையவர்களில் உழைப்பாளிகள் பலர் உண்டு. ஆயினும் அண்மைக் காலக் குறும்படங்களில் முகாம் என்றாலே டிரோன் மேலே போகிறது, ஓட்டுக் கூரைகளின் வரிசை தெரிகிறது, உடனே வயலின் அழத் தொடங்குகிறது. ஒரு தாய் பேச வாய் திறப்பதற்குள் இசை அவளுக்காக அழுதுவிடுகிறது. அந்த வீட்டில் எத்தனை பேர் படுக்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தகப்பன் எந்தக் கம்பெனிக்குக் கூலிக்குப் போகிறான் என்று கேட்பாரில்லை. யாழ்ப்பாணப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் மலையகப் பேச்சும் ஒரே வாயில் குழைகின்றன. டப்பிங்கில் சென்னையும் சேர்ந்துகொள்கிறது. சிறுகதை படிக்கும் வழக்கம் போயிற்று, வெளிச்சத்துக்குக் காத்திருக்கும் பொறுமை போயிற்று, எழுத்துப் பிழையில்லாத டைட்டில் கார்டு கூடப் போயிற்று. கல்யாண வீடியோவுக்கும் துயரப் படத்துக்கும் ஒரே கலர் பூசப்படுகிறது. இப்படியே போனால் பத்து ஆண்டுகளில் தமிழில் ஒரு முகத்தைப் பொறுமையாகப் பார்க்கத் தெரிந்த கேமராவே மிஞ்சாது.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. பார்த்துக் கற்க அவர்களுக்குப் படம் எங்கே? 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பை அடுத்த ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது பல படங்களின் நெகட்டிவ்கள் சாம்பலாயின. 'வீடு', 'சந்தியா ராகம்' படங்களின் நெகட்டிவ்கள் இல்லாமல் போனதைச் சொல்லிப் பாலு மகேந்திராவே வருந்தினார். தமிழ்ப் படங்களுக்கு ஆவணக் காப்பகம் வேண்டுமென்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

முகாமிலும் ஊரிலும் உள்ள உறுப்பினர்களின் வீட்டுப் பரணில் பழைய வீடியோ கேசட்டுகள், பாட்டுப் புத்தகங்கள், தியேட்டர் நோட்டீசுகள் இருக்கலாம். பூஞ்சை பிடித்திருந்தாலும் அவற்றை எறிந்துவிடாமல் அடுத்த திரையிடலுக்குக் கொண்டுவந்து செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டுகிறோம்.