முள் இறங்கும் சத்தம், மட்டையில் பந்து படும் சத்தம்

1978 ஏப்ரலில் ஒரு பிற்பகல். டோக்கியோவின் ஜிங்கு மைதானத்தில் பேஸ்பால் பருவம் அன்றுதான் தொடங்கியிருந்தது. யாகுல்ட் ஸ்வாலோஸும் ஹிரோஷிமா கார்ப்பும் ஆடின. வெளிக்களத்தை ஒட்டிய புல்சரிவில், கையில் பியரோடு சாய்ந்து கிடந்தார் 29 வயது இளைஞர் ஒருவர். பக்கத்திலேயே செந்தகயா பகுதியில் மனைவியோடு சேர்ந்து ஜாஸ் கடை நடத்துபவர். ஸ்வாலோஸின் முதல் மட்டையாளரான அமெரிக்கர் டேவ் ஹில்டன், பந்தை இடப்பக்கமாக விரட்டிவிட்டு இரண்டாம் பேஸ் வரை ஓடினார். மட்டையில் பந்து பட்ட சத்தம் கணீரென்று கேட்டது. அந்த நொடியில் அந்த இளைஞருக்கு, தன்னால் ஒரு நாவல் எழுத முடியும் என்று தோன்றியது.

ஹருகி முரகாமி எழுத்தாளர் ஆன கதை இது. அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கடையைப் பூட்டிய பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதிய அந்த முதல் நாவலுக்கு மறு ஆண்டே 'குன்ஸோ' இதழின் புதுமுக எழுத்தாளர் பரிசு கிடைத்தது. இலக்கிய வாசகர்கள் அந்த நாவலைத் தேடிப் போவார்கள். ஜாஸ் ரசிகர்களோ அந்தப் பிற்பகலிலேயே தங்கிவிடலாம். அதுவரை லீக் பட்டம் ஒன்றுகூட வெல்லாத அணி, அவசரமே இல்லாத ஆட்டம், நாளெல்லாம் ரெக்கார்டு கேட்டுப் பழகிய காது.

ஜாஸையும் பேஸ்பாலையும் முதன்முறை பார்ப்பவர்கள் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: "எதுவுமே நடக்கிற மாதிரி தெரியலையே." இரண்டிலும் சட்டகம் மாறாது. உள்ளே நடப்பது மட்டும் ஒருநாள் போல் மறுநாள் இருக்காது. அந்தச் சிறு மாறுதலைப் பிடிக்கும் கவனத்தைப் பழகிக்கொள்ளலாம். ரெக்கார்டில் பழகிய கவனம் மைதானத்திலும் கைகொடுக்கும்.

ஒரே பாட்டை நான்கு முறை

தொடங்குவதற்கு டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வை விட நல்ல இடம் கிடைப்பது அரிது. நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30-ஆம் தெரு ஒலிப்பதிவுக் கூடத்தில் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில் பதிவான தட்டு. அந்தக் கூடம் ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்தது. முதல் பாட்டான 'சோ வாட்' ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். அதை நான்கு முறை, நான்கு விதமாகக் கேட்க வேண்டும்.

முதல் முறை பால் சேம்பர்ஸின் பாஸ் வாத்தியத்தை மட்டும். வழக்கமாகப் பின்னணியில் நிற்கும் அந்த வாத்தியம்தான் இங்கே மெட்டை வாசிக்கிறது. அது ஒரு வரி கேட்கிறது, மற்றவர்கள் இரண்டே ஸ்வரத்தில் பதில் சொல்கிறார்கள். இந்த உரையாடல் பிடிபட்டுவிட்டால் பாட்டின் வாசல் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் முறை கை தாளம் போட வேண்டும். நாலு நாலாக எண்ணினால் 32 சுற்றில் ஒரு வட்டம் முடியும். கச்சேரியில் ஆவர்த்தனம் எண்ணிப் பழகியவர்களுக்கு இது சிரமமே இல்லை. முதல் 16 சுற்று ஒரே ஸ்வர வரிசையில் போகும். அடுத்த 8 சுற்றுக்கு அத்தனை பேரும் அரை ஸ்வரம் மேலே ஏறுவார்கள். கடைசி 8-க்கு இறங்கிப் பழைய இடத்துக்கே வருவார்கள். அந்த ஏற்றத்தில் அறையின் வெளிச்சமே மாறியது போல இருக்கும். அது எப்போது வரும் என்று காது காத்திருக்கத் தொடங்கும்போது, கேட்பவர் ரசிகராகிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் முறை மூன்று ஊதுவாத்தியக்காரர்களை ஒப்பிடலாம். மூவருக்கும் கிடைப்பது அதே வட்டம், இரண்டிரண்டு தடவை. மைல்ஸ் கொஞ்சம் வாசித்து நிறைய இடம் விடுகிறார். அடுத்து வரும் ஜான் கோல்ட்ரேன் அந்த இடத்தையெல்லாம் ஸ்வரங்களால் அடைக்கிறார். கேனன்பால் ஆடர்லி வந்ததும் சாக்ஸஃபோன் சிரித்துப் பேசத் தொடங்குகிறது. ஒரே வீட்டில் மூன்று பேர் குடியிருந்தது போல மூன்று வாசிப்பு.

நான்காம் முறை ஒரே ஒரு நொடிக்காகக் கேட்க வேண்டும். மைல்ஸ் தனி வாசிப்பைத் தொடங்கும் இடத்தில் டிரம்ஸ் கலைஞர் ஜிம்மி காப் சிம்பலில் ஒரு தட்டு தட்டுகிறார். அந்த ஓசை கூடம் முழுக்கப் பரவி மெல்லத் தேய்கிறது. அதன் மேலேயே டிரம்பெட் நடந்து போகிறது.

தட்டைக் கையில் எடுத்துப் படிப்பது

முரகாமியிடம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ரெக்கார்டுகள் இருந்தன, பெரும்பாலும் ஜாஸ். இத்தனை சேர்ப்பவர்களுக்குத் தட்டு என்பது கேட்கும் பொருள் மட்டும் இல்லை, படிக்கும் பொருளும்தான்.

பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வெறுமையாக ஒரு வளையம் இருக்கும். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அங்கே சின்னச் சின்னக் கீறல் எழுத்துகள் தெரியும். 'ப்ளூ நோட்' நிறுவனத்தின் பழைய தட்டுகளில் 'ஆர்விஜி' என்ற முதலெழுத்துகள் இருக்கும். ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளரின் அடையாளம் அது. பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்த அவர், நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டுக் கூடத்தையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தார். அந்த முதலெழுத்துகளின் பக்கத்தில் காது மடல் போல இன்னொரு குறியும் இருக்கலாம். தட்டுகளை அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலையின் குறி. சேகரிப்பாளர்கள் அதைக் 'காது' என்றே சொல்வார்கள். 1966-க்குப் பிறகு அந்த ஆலை ப்ளூ நோட்டுக்கு அச்சிடவில்லை என்பதால், காது இருந்தால் தட்டு பழையது.

அட்டையும் அப்படித்தான். ப்ளூ நோட்டை 1939-இல் தொடங்கியவர்களில் ஒருவரான ஆல்ஃபிரட் லயனும், பிறகு சேர்ந்துகொண்ட ஃபிரான்சிஸ் வுல்ஃபும் பெர்லினிலிருந்து வந்தவர்கள். ஒலிப்பதிவின்போதே வுல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை அட்டை வடிவமைப்பாளர் ரீட் மைல்ஸ் துணிச்சலாக வெட்டி, பெரிய எழுத்துகளோடு அடுக்கினார். அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே இருக்கும் தாளம் தெரிந்துவிடும்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் பின்னட்டைக் குறிப்பை எழுதியவர் அதில் பியானோ வாசித்த பில் எவன்ஸ். மெல்லிய தாளில் தூரிகையை நிறுத்தாமல் வரைய வேண்டிய ஜப்பானிய ஓவிய முறையை அவர் அதில் விளக்குகிறார். கோடு தயங்கினால் தாள் கிழிந்துவிடும். அழித்துத் திருத்த வழியில்லை. தானும் நண்பர்களும் ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்தது அதைத்தான் என்கிறார். இதைப் படித்துவிட்டு மறுபடியும் முள்ளை வைத்தால், மைல்ஸ் விட்ட இடைவெளிகள் வேறு மாதிரி கேட்கும்.

அந்தத் தட்டில் ஒரு பிழையும் உண்டு. முதல் நாள் ஒலிநாடா எந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், முதல் பக்கத்துப் பாட்டுகள் உண்மையான சுருதியைவிடக் கொஞ்சம் ஏறிப் பதிவாகிவிட்டன. 1992 பதிப்பில்தான் திருத்தினார்கள். முப்பது வருடம் அதோடு சேர்ந்து வாசித்துப் பழகிய மாணவர்கள் தங்கள் வாத்தியத்தின் மேல் சந்தேகப்பட்டிருப்பார்கள். இப்படி ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு வரலாறு இருப்பதால்தான் சேகரிப்பாளர்கள் ஒரே தட்டை இரண்டு, மூன்று என்று வாங்குகிறார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதல் பதிப்பு தேவையே இல்லை. மறுபதிப்பு போதும். பழைய தட்டு வாங்கினால் வெளிச்சத்தில் கீறல் பார்க்க வேண்டும், கண்மட்டத்தில் பிடித்து வளைவு பார்க்க வேண்டும். விளிம்பில் மட்டும் கை வைத்து எடுப்பது, படுக்கப் போடாமல் நிறுத்தி அடுக்குவது, முள்ளில் தூசி சேராமல் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றும் பழக்கமானால் தட்டு நீண்ட காலம் பாடும்.

ஒரு பக்கம் முழுவதும்

முரகாமிக்கு ஜாஸ் பிடித்தது 1964-இல். 15 வயதில் பிறந்தநாள் பரிசாக ஒரு டிக்கெட் கிடைத்தது. கோபே நகரில் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழு நடத்திய கச்சேரிக்கு. அன்று தொடங்கிய பித்து, பத்து வருடம் கழித்து டோக்கியோவின் கொகுபுன்ஜியில் 'பீட்டர் கேட்' என்ற கடையாக முளைத்தது. அவர் வளர்த்த பூனையின் பெயர் அது. பிறகுதான் கடை செந்தகயாவுக்கு மாறியது.

இத்தகைய கடைகளுக்கு ஜப்பானில் நீண்ட மரபு உண்டு. 'ஜாஸ் கிஸ்ஸா' என்பார்கள். வெளிநாட்டுத் தட்டு சாமானியர் வாங்க முடியாத விலையில் இருந்த காலத்தில், ஒரு காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் அதைக் கேட்டுவிடலாம். யோகோஹாமாவின் 'சிகுசா' 1933-இல் தொடங்கியது. இவாத்தே மாகாணத்தின் இச்சினோசெகி ஊரில் 1970-இல் திறந்த கடைக்கு அமெரிக்க ஜாஸ் கலைஞர் கவுண்ட் பேஸியின் பெயரையே வைத்தார்கள். பேசக் கூடாது என்று கண்டிப்பான கடைகள்கூட இருந்தன. உரிமையாளர் தட்டை வைப்பார், அட்டையை எல்லோரும் பார்க்கும்படி நிறுத்துவார், ஒரு பக்கம் முடியும் வரை ஓடவிடுவார்.

இந்த ஒழுங்கை வீட்டுக்கும் கொண்டுவரலாம். தட்டும் கருவியும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கைபேசியில் கேட்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு பக்கம் என்பது சுமார் இருபது நிமிடம். பாட்டை மாற்றாமல், வேறு வேலை பார்க்காமல், அடுக்கப்பட்ட வரிசையிலேயே கேட்பது. சமையல் நேரத்துக்கு ஜாஸ் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நாளில் இந்த இருபது நிமிடத்தை மட்டும் தனியாக ஒதுக்கிவைக்க வேண்டும்.

ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு பேர்

ஜாஸும் பேஸ்பாலும் முரகாமியால் சேர்ந்தவை அல்ல. அமெரிக்காவில் இரண்டும் ஒன்றாகவே வளர்ந்தன. 'ஜாஸ்' என்ற சொல்லே இசைக்கு முன்பு பேஸ்பால் செய்தியில்தான் தலைகாட்டியது. 1912-இல் பென் ஹென்டர்சன் என்ற பந்துவீச்சாளர், தள்ளாடிப் போகும் தன் புதுப் பந்துக்கு அந்தப் பெயரைச் சொன்னதை லாஸ் ஏஞ்சலிஸ் நாளேடு ஒன்று அச்சிட்டது.

லூயி ஆம்ஸ்ட்ராங் 1931-இல் சொந்த ஊரான நியூ ஆர்லியன்ஸுக்குத் திரும்பியபோது உள்ளூர்க் கறுப்பர் அணி ஒன்றுக்குச் சீருடை வாங்கிக் கொடுத்தார். 'ஆம்ஸ்ட்ராங்ஸ் சீக்ரெட் நைன்' என்று அந்த அணிக்குப் பெயர். அவரே பெரிய சேகரிப்பாளரும்கூட. நியூயார்க்கின் கொரோனா பகுதி வீட்டில் 600-க்கும் மேற்பட்ட ஒலிநாடாக்களில் ரெக்கார்டுகளையும் வீட்டுப் பேச்சுகளையும் பதிந்து, பெட்டிகளின் மேல் படங்களை வெட்டி ஒட்டி, பட்டியலும் எழுதிவைத்தார். உலகம் சுற்றிய கலைஞருக்கு வீட்டில் பிடித்த வேலை அது. அந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கி, பெரிய லீக்கின் நிறத்தடையை உடைத்தார். இரண்டே வருடத்தில் அவர் பந்தடிக்கும் அழகைப் பாடும் பாட்டு ஒன்றை இசைக்கலைஞர் படி ஜான்சன் எழுத, கவுண்ட் பேஸி குழுவும் அதைப் பதிந்தது. ராபின்சனும் அந்த அன்பைத் திருப்பித் தந்தார். குடிசார் உரிமைப் போராட்டத்தில் சிறை சென்றவர்களின் ஜாமீனுக்காக, 1963 ஜூனில் கனெக்டிகட்டில் உள்ள தன் வீட்டுத் தோட்டத்தில் அவரும் மனைவி ரேச்சலும் ஜாஸ் கச்சேரி நடத்தினார்கள். டிஸ்ஸி கில்லெஸ்பியும் டேவ் புரூபெக்கும் வந்து வாசித்தார்கள்.

பந்திலிருந்து கண்ணை எடுப்பது

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்குப் பேஸ்பால் சீக்கிரம் பிடிபடும். எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையில் 18.44 மீட்டர், கிரிக்கெட் ஆடுகளத்தைவிடக் கொஞ்சம் குறைவு. பந்து தரையில் படாமல் வரும். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் முடிவெடுக்க அரை நொடிகூட இல்லை. ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் அணிக்கு மூன்று அவுட். ஆட்டத்தை முடித்துவைக்கக் கடிகாரம் கிடையாது.

முதலில் கேட்சரைப் பார்க்க வேண்டும். பாஸ் வாத்தியம் போல, கண்ணில் படாமல் ஆட்டத்தை நடத்துபவர் அவர். தொடைகளுக்கு நடுவே விரல்களால் அடுத்த பந்தைச் சொல்வார், எறிபவர் தலையசைப்பார் அல்லது மறுப்பார். அடுத்து, பந்து கிளம்பும் முன் களத்தில் நிற்பவர்கள் நகரும் அந்த ஓரடி, ஈரடியைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே மட்டையாளர் ஒரே ஆட்டத்தில் மூன்றாவது தடவை வரும் நேரம். முதல் இரண்டு தடவை என்ன எறிந்தோம் என்று எறிபவருக்கு ஞாபகம் இருக்கிறது, அடிப்பவருக்கும் இருக்கிறது. 'சோ வாட்'டில் அரை ஸ்வர ஏற்றத்துக்குக் காத்திருந்த அதே மனம் இங்கேயும் காத்திருக்கும்.

கையில் ஒரு ஸ்கோர் அட்டை இருந்தால் கவனம் சிதறாது. களத்தின் ஒன்பது இடங்களுக்கும் எண் உண்டு. எறிபவர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3 என்று வலக்களம் 9 வரை. 6-4-3 என்று குறித்தால், இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாம் பேஸுக்குத் தந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய், ஒரே பந்தில் இருவர் அவுட். மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறினால் 'கே'. 19-ஆம் நூற்றாண்டுப் பத்திரிகையாளர் ஹென்றி சாட்விக், 'ஸ்ட்ரக்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை எடுத்து வைத்த குறி. தட்டின் வெற்று வளையத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த அட்டை உடனே பிடித்துப்போகும்.

டோக்கியோ போகிறவர்கள் ஜிங்குவில் ஒரு மாலை உட்கார்ந்து பார்க்கலாம். 1926-இல் திறந்த மைதானம். 1934-இல் பேப் ரூத் ஆடிய இடம். ஸ்வாலோஸ் ஓட்டம் எடுத்தால் ரசிகர்கள் குட்டிக் குடைகளை விரித்து ஆட்டி 'டோக்கியோ ஒண்டோ' பாடுவார்கள். இந்த மைதானத்தை இடித்துவிட்டு வேறிடத்தில் புதிது கட்டும் திட்டத்தை முரகாமி வெளிப்படையாக எதிர்த்தார். அவர் புல்சரிவில் சாய்ந்திருந்த அந்த 1978-இலேயே ஸ்வாலோஸ் முதல்முறையாக லீக் பட்டத்தை வென்றது, ஜப்பான் தொடரிலும் ஹான்கியு பிரேவ்ஸைத் தோற்கடித்தது.

அதே நகரில், முரகாமி படித்த வசேதா பல்கலைக்கழகத்தில், கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்த நூலகம் ஒன்று 2021 அக்டோபரில் திறந்தது. முரகாமியின் கையெழுத்துப் படிகளோடு ரெக்கார்டுகளுக்கென்றும் அங்கே ஓர் அறை உண்டு. மாணவர்கள் நடத்தும் காபிக் கடையில் பீட்டர் கேட்டின் பழைய பியானோ நிற்கிறது. ஒலியறையின் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் யாரும் பேசுவதில்லை. தட்டின் ஒரு பக்கம் முடிகிறது, முள் வெற்று வளையத்துக்குள் நழுவுகிறது, யாரோ எழுந்து போய் அதை எடுக்கும்வரை அந்த மெல்லிய சரசரப்பையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.